பெரிய கைக்காரரும் மண்ணெண்ணெயும்: எரிபொருள் மானியம் எப்படி இயங்குகிறது?

கலியாண வீட்டில் ஒரு சஹனை, பொதுவில் உண்ணும் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்துகிறார்கள். சோறும் இறைச்சியும் எல்லாருக்கும் பொது. ஆனால் பெரிய கைக்காரர் ஒருவர் அதில் இருந்தால் இறைச்சி எந்தப் பக்கம் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இலங்கையின் எரிபொருள் மானியமும் இப்படித்தான் பரிமாறப்பட்டது. லீற்றருக்கு இவ்வளவு என்று விலையைக் குறைத்து வைத்தால், மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு லீற்றர் அடிப்பவருக்கு இரண்டு பங்கு, ஜீப்புக்கு அறுபது லீற்றர் அடிப்பவருக்கு அறுபது பங்கு.

அந்தச் சஹனுக்கு அடுப்படிச் சாமான் வாங்கியதோ கடனுக்கு. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் டொலர் கொடுத்து வாங்கியதை நட்டத்துக்கு விற்றது. அந்தப் பள்ளத்தை இலங்கை வங்கியிலும் மக்கள் வங்கியிலும் கடன் எடுத்து நிரப்பியது. உலக விலைக்கேற்ப உள்ளூர் விலையை மாற்ற 2018இல் வந்த விலைச் சூத்திரமும் நிலைக்கவில்லை. 2022இல் டொலர் தீர்ந்தது, எண்ணெய்க் கப்பலுக்குக் கட்டக் காசில்லை. யூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா.

அப்போதும் மண்ணெண்ணெய் 87 ரூபாதான். டீசலுக்கும் அதற்கும் ஐந்து மடங்கு வித்தியாசம் இருந்தால் என்ன நடக்கும்? பஸ்ஸும் லொறியும் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும். ஏழைக்கென்று வைத்ததிலும் பெரிய கை விழுந்தது. ஓகஸ்ட் 21 நள்ளிரவு மண்ணெண்ணெய் விலை ஒரே தாவலில் 340 ஆனது.

அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளில் சிறு போட்டுகளின் எஞ்சின் பெற்றோலில் உயிர் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடும். ஒரு பயணத்துக்கு முப்பது லீற்றர் என்று வையுங்கள்: 2,610 ரூபாயாக இருந்த செலவு 10,200 ஆனது. மீன் கூடுதலாகப் படவில்லை. கரையில் விலையைத் தீர்மானிப்பது ஏலம், மீனவரின் செலவுக் கணக்கு அல்ல. இதில் வெளியே தெரியாத ஒன்று உண்டு: எண்ணெய்ச் செலவைக் கழித்த பிறகுதான் போட்டில் பங்கு பிரிப்பார்கள். ஆகவே விலையேற்றத்தில் ஒரு பகுதி, எஞ்சினுக்குச் சொந்தமே இல்லாத கூலிக்காரரின் பங்கிலிருந்து போகிறது. படாத நாளில் அவருக்கு வெறுங்கை. அம்பாறை வயல்களிலும் உழவு மெசின் வாடகை டீசலோடு ஏறியது. ஆனால் வயற்காரர் அதை நெல் விலையில் கொஞ்சமாவது கேட்டுப் பார்க்கலாம்.

மானியத்தை நிறுத்தியது சரி என்பதே என் கட்சி. நிறுத்திய வரிசைதான் பிழை. இந்தோனேசியா 2005 ஒக்டோபரில் மண்ணெண்ணெய் விலையை ஏறத்தாழ மூன்று மடங்காக்கியபோது, அதே மாதமே ஏழைக் குடும்பங்களின் கையில் காசு கொடுக்கத் தொடங்கியது. பொதுச் சஹனை எடுத்தால் தனிக் கோப்பை வைக்க வேண்டும். இங்கே அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வந்தது 2023 யூலையில். மீனவருக்கென்று லீற்றருக்கு 25 ரூபா நிவாரணம் அறிவிக்கப்பட்டது 2024 கடைசியில். அந்தக் காசு 2022 ஓகஸ்ட் 21க்கு முன்பே வந்திருக்க வேண்டும்.