ஈஸ்டர் ஸ்பெஷல்: ஓவன் இல்லாம குக்கரில் சாக்லேட் கேக் செய்வது எப்படி? கேக் மேல மத்தாப்பு வைக்கலாமா?

சாம்பல் புதனில் தொடங்கிய தவக்காலம் முடிந்து ஈஸ்டர் வருகிறது. இது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்பதால் வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம். கேக்கை நாமே செய்யலாமா என்று யோசிக்கிறீங்களா? ஓவன், முட்டை, வெண்ணெய் எதுவும் தேவையில்லை.

ஏன் க்ரீம் வேண்டாம்?

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்து வெயில் நமக்குத் தெரிந்ததுதான். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால், க்ரீம் கேக்கை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பாலும் க்ரீமும் சேர்க்காமல் எண்ணெயில் செய்த கேக்கை, சொந்தக்காரங்க வீட்டுக்கும் தைரியமா எடுத்துட்டுப் போகலாம்.

என்னென்ன தேவை?

* மைதா - ஒன்றரை கப்
* பொடித்த சர்க்கரை - 1 கப்
* இனிப்பில்லாத கோகோ பவுடர் - கால் கப்
* சமையல் சோடா - 1 டீஸ்பூன்
* உப்பு - கால் டீஸ்பூன்
* வாசனையில்லாத எண்ணெய் - 5 டேபிள்ஸ்பூன்
* எலுமிச்சைச் சாறு - 1 டேபிள்ஸ்பூன்
* தண்ணீர் - 1 கப்

பாலில் கலக்கும் சாக்லேட் பானப் பொடியை கோகோவுக்குப் பதிலாகப் போடாதீங்க. அதில் சர்க்கரைதான் அதிகம்.

செய்வது எப்படி?

1. 5 லிட்டர் குக்கர் அல்லது அடிகனமான பாத்திரத்தில் ஒன்றரை கப் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வையுங்க. தண்ணீர் ஊற்றக் கூடாது. குக்கர் என்றால் கேஸ்கெட், வெயிட் இரண்டையும் கண்டிப்பாகக் கழற்றிடணும். மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்க.

2. 7 இன்ச் கேக் டின்னில் எண்ணெய் தடவி மைதா தூவுங்க. மாவு, கோகோ, சோடா, உப்பு ஆகியவற்றை இரண்டு முறை சலித்து, சர்க்கரை சேருங்க. சலிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம். அடுப்பு வேலை பெரியவங்களுக்கு மட்டும்.

3. எண்ணெய், தண்ணீர், கடைசியாக எலுமிச்சைச் சாறு ஊற்றி, கட்டியில்லாமல் கலக்கினால் போதும். ரொம்ப அடித்தால் கேக் ரப்பர் மாதிரி ஆகிடும்.

4. மாவை உடனே டின்னில் ஊற்றி குக்கரில் வைத்து மூடி, சிறு தீயில் 45 நிமிடம் விடுங்க. குச்சியால் குத்தினால் மாவு ஒட்டாமல் வரணும். ஒட்டினால் இன்னும் 5 நிமிடம்.

ஏன் இந்த அவசரம்?

எலுமிச்சையின் புளிப்பும் சோடாவும் சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயு கிளம்பும். அந்தக் குமிழிகள்தான் கேக்கை உப்ப வைக்கும். சாறு விழுந்தாச்சுன்னா திரி பத்திக்கிச்சுன்னு அர்த்தம்! தாமதித்தால் வாயு வெளியேறி கேக் அமுங்கிடும். முதல் 30 நிமிடம் மூடியைத் திறக்காததும் இதனால்தான். சூடு குறைந்தால், வேகாத நடுப்பகுதி குழிந்துவிடும்.

கேக் மேல் மத்தாப்பு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கம்பி மத்தாப்பில் அலுமினியப் பவுடர், இரும்புத் துகள் எல்லாம் இருக்கும். பேரியம் நைட்ரேட் சேர்ப்பதும் நீண்டகால வழக்கம். பட்டாசுகளில் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. பேரியம் வயிற்றுக்குள் போனால் வாந்தி, பேதி, தசைத் தளர்ச்சி, இதயத் துடிப்பில் கோளாறு ஏற்படலாம். கடையில் விற்கும் பொறி பறக்கும் கேக் மெழுகுவர்த்தியும் ஒரு குட்டிப் புஸ்வாணம்தான். அதன் சாம்பல் விழுவது நாம் சாப்பிடும் கேக்கில். சாதாரண மெழுகுவர்த்தியே போதும்.

பட்டாசு ஆலையில் வேலை செய்பவர்கள் அதே உடையோடு அடுப்பு பக்கம் போகக் கூடாது. துணியில் படிந்த மருந்துத் தூள் தீப்பற்றும் ஆபத்து உண்டு. குளித்து, உடை மாற்றிய பிறகே மாவைத் தொடுங்க.

எப்போது செய்யலாம்?

சனிக்கிழமை மாலையே செய்துவிடுங்க. 10 நிமிடம் கழித்து டின்னிலிருந்து எடுத்து, நன்றாக ஆறிய பின் மூடி வையுங்க. ஞாயிறு காலை மேலே கொஞ்சம் பொடித்த சர்க்கரையும் முந்திரியும் தூவினால் ஈஸ்டர் கேக் ரெடி!