மணிக்கட்டில் ஒரு நினைவூட்டி

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம், 2020 ஆகஸ்டு 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வடத்தால், பத்துபஸ்தி போன்ற குடியிருப்புகளில் கணினி வழியே கற்பதும் பணிபுரிவதும் எளிதாயின. ஆயினும், நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்தால் கழுத்தும் முதுகும் வலிக்கும். திரையையே நோக்கியிருந்தால் இமைப்பது குறைந்து கண்கள் உலரும்.

இவ்விடத்தில் உதவுவது, ஸ்மார்ட் வாட்ச் எனப்படும் திறன் கடிகாரம். இதன் முன்னோடிகளுள் ஒன்று, 1965ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்'. இடுப்பில் அணியும் அக்கருவி, நடக்கும் அடிகளை எண்ணியது.

இன்றைய கடிகாரத்தினுள் முடுக்கமானி என்னும் நுண்கருவி உள்ளது. அது கையின் அசைவை உணர்ந்து அடிகளைக் கணக்கிடுகிறது. கடிகாரத்தின் அடிப்புறத்திலுள்ள பச்சை விளக்கு, தோலினுள் ஒளியைச் செலுத்துகிறது. குருதி பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் அவ்விடத்துக் குருதியின் அளவு மாறுவதால், திரும்பிவரும் ஒளியும் மாறும். அதைக்கொண்டு இதயத்துடிப்பு எண்ணப்படுகிறது. அணிந்தவர் நெடுநேரம் எழாதிருந்தால், கடிகாரம் மெல்ல அதிர்ந்து நினைவூட்டும்.

எனினும், முதுகு வளைந்திருப்பதையோ கண் களைத்திருப்பதையோ அக்கடிகாரம் அறியாது. அமர்ந்தவாறே கையை வீசினாலும், சில வேளைகளில் அதனை நடை என்றே எண்ணிவிடும். கருவியை ஏமாற்றலாம்; உடலை ஏமாற்ற இயலாது.

ஆகவே, நினைவூட்டுவது கடிகாரத்தின் வேலை. எழுவது அணிந்தவரின் கடமை. இக்கருவி இல்லாத வீட்டில் சுவர்க்கடிகாரமே போதும். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள பொருளை 20 நொடி நோக்குவது கண்ணுக்கு ஓய்வு தரும் எளிய வழி. சாளரத்தின் வெளியே நிற்கும் தென்னையை நோக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சென்று நீர் அருந்தி வரலாம்.

சொற்பொருள்
வடம் – தடித்த கம்பிக் கயிறு
முடுக்கமானி – வேக மாற்றத்தை அளக்கும் கருவி
குருதி – இரத்தம்
சாளரம் – சன்னல்

விடையளிக்க
1. கடிகாரத்தின் பச்சை விளக்கு எதற்குப் பயன்படுகிறது?
2. திறன் கடிகாரம் அறிய இயலாதவை யாவை?
3. 'கருவியை ஏமாற்றலாம், உடலை ஏமாற்ற இயலாது' – விளக்குக.

செயல்பாடு
ஒரு நாள் கணினியின்முன் அமர்ந்த நேரத்தையும் இடையில் எழுந்த முறைகளையும் குறித்து, ஐந்து தொடர்களில் எழுதுக.