கொள்ளைநோய்க் காலத்தில் ஊர்ப் பயணம்

வெள்ளிக்கிழமை இரவில் கொழும்புக் கோட்டையிலிருந்து வடக்கே புறப்படும் தபால் புகையிரதம், தலைநகரில் தொழில் புரிவோரை அவர்தம் ஊர்களுக்குச் சுமந்து செல்வது நெடுங்கால வழக்கம். சனிக்கிழமை விடியலிற் படலையைத் திறந்து வரும் மகனைக் கண்டதும் தாய் அடுப்பை மூட்டுவாள். ஞாயிறு மாலை, முருங்கைக்காயும் மிளகாய்த்தூளும் நிறைந்த பையுடன் அவன் மீளுவான். இந்த இருநாள் உறவின் மீதும் 2020ஆம் ஆண்டிலே கொவிட் நோயின் நிழல் படிந்தது.

அவ்வாண்டு மார்ச் 11ஆந் திகதி, உலகச் சுகாதார நிறுவனம் அந்நோயை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்தது. மார்ச் 20ஆந் திகதி இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டபோது, பலர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது: காய்ச்சலோ இருமலோ இல்லாத ஒருவன், பெற்றோரைப் பார்க்கப் போவதால் என்ன தீங்கு நேரும்?

இவ்வினாவுக்கு விடை நோயின் இயல்பிலேயே இருக்கிறது. 2020இற் பரவிய வைரசு உடலிற் புகுந்தபின், நோய்க்குறிகள் தோன்றச் சராசரியாக ஐந்து நாட்கள் சென்றன. சிலருக்குப் பதினான்கு நாட்கள் வரையும் ஆயின. ஆயினும், குறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் முன்னதாகவே ஒருவர் பிறருக்கு நோயைக் கொடுக்கவல்லவர் ஆகிவிடுவார்.

நேயர்கள் இதனை நாட்கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒருவனுக்குப் புதன்கிழமை கொழும்பிலே நோய் தொற்றுகிறது. திங்கட்கிழமைதான் அவனுக்குக் காய்ச்சல் காணும். அவன் அறியாமலே நோயைப் பரப்பக்கூடிய நாட்கள் எவை? சனியும் ஞாயிறுமே! சுகதேகியாக வந்து, சுகதேகியாகவே விடைபெறுகிறான். தாய்க்கோ அடுத்த வாரத்தின் பிற்பகுதியிற் காய்ச்சல் தொடங்குகிறது. வயது ஏற ஏற உயிராபத்தும் ஏறும் நோய் இது.

2021ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு இவ்வுண்மையை நாட்டுக்கு உணர்த்திற்று. மக்கள் பெருந்தொகையாக ஊர்களுக்குச் சென்று உறவினருடன் கூடினர். விரைந்து பரவும் ஆல்பா என்னும் திரிபும் அவ்வேளை சேர்ந்துகொண்டது. ஏப்ரல் நடுப்பகுதியில் நாளொன்றுக்குச் சில நூறாக இருந்த நோயாளர் தொகை, மே மாதத்தில் இரண்டாயிரத்தைக் கடந்தது. மாகாணங்களுக்கிடையிலான பயணமும் தடைசெய்யப்பட்டது.

அப்படியாயின், பெற்றோரைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், பார்க்கும் முறைதான் வேறு. மூச்சுடன் வெளிப்படும் நுண்டுளிகள் அடைத்த அறையிலே தேங்கி நிற்கும். திறந்த வெளியிலே காற்றுடன் கலந்து ஐதாகிவிடும். ஆதலால் வந்தவர் அறையினுட் செல்லாது, முற்றத்து வேம்பின் நிழலில் எட்ட இருந்து உரையாடுதல் நன்று. வாயையும் மூக்கையும் மூடும் கவசம் மேலும் காப்பளிக்கும். கிணற்றடியிற் கைகால் அலம்பிய பின்னரே வீட்டினுட் புகுவதும், ஆளுக்கொரு பனையோலைப் பிளாவிற் கூழ் அருந்துவதும் யாழ்ப்பாணத்தார் முன்னரே அறிந்த பழக்கங்கள்.

இவை யாவற்றினும் முக்கியமான கடமை, பயணம் முடிந்த பின்னரே வருகிறது. திங்கட்கிழமை காய்ச்சல் கண்டவன் உடனே தொலைபேசியில் ஊருக்குச் சொல்லவேண்டும். சொன்னால், தாய் கோயிலுக்கும் சந்தைக்கும் போகாது வீட்டிலிருப்பாள். வைத்தியரும் வேளையோடு பார்ப்பார். ஆயின், வீட்டைத் தனிமைப்படுத்துவார்களே, அயலார் என்ன நினைப்பார்களோ என்ற நாணத்தாற் பலர் வாய் திறக்கத் தயங்கினர்.

முன்னாளில் அம்மை கண்ட வீட்டார், வாயிலிலே வேப்பிலை செருகி அதனை ஊரறியச் செய்தனர். அதைக் கண்டவர் பழிக்கவில்லை. விலகி நின்று வேண்டிய உதவி செய்தனர். கொவிட் தொடர்பான சருவதேச அவசரநிலை 2023 மே 5ஆந் திகதி முடிவுக்கு வந்துவிட்டது. எனினும், இனியொரு கொள்ளைநோய் வருமாயின், அந்த வேப்பிலையின் வேலையைத் தொலைபேசியிற் சொல்லும் ஒரு சொல் செய்யவேண்டும்.