உஷார்! பிள்ளை தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திடாதீங்க!

கொட்டிய முடி திரும்ப முளைத்துவிட்டது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. பிள்ளை பழையபடி தெருவில் சைக்கிள் ஓட்டுகிறது. ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பெற்றவர்களே, இந்த நேரம்தான் ஆபத்தான நேரம்!

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமம். ஆறு வயதுப் பெண் குழந்தை. விட்டுவிட்டுக் காய்ச்சல், கால்வலி, அடிபடாமலே தொடையில் நீலநீலமாகக் கன்றிய தடம். சோதித்ததில், பிள்ளைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். நகையை அடகு வைத்துவிட்டுச் சென்னைக்கு ஓடிவந்தார் அம்மா. முதல் மாத சிகிச்சையிலேயே எலும்பு மஜ்ஜை சுத்தமாகிவிட்டது. சில மாதம் தீவிர சிகிச்சை, அப்புறம் ஊருக்கு அனுப்பி, வீட்டிலேயே மாத்திரை.

அங்கேதான் வந்தது வினை. "நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்குடி இந்தச் சூட்டு மாத்திரை? ஈரல் வெந்துடும்" என்றார் பாட்டி. யாரோ ஒரு கஷாயப் பொடி கொடுத்தார்கள். சென்னை போய்வந்தால் பஸ் காசும் போச்சு, இரண்டு நாள் கூலியும் போச்சு. பாதிபாதியாக உடைத்து வைத்திருந்த வெளிர்மஞ்சள் மாத்திரைகள் டப்பாவோடு அலமாரி மேலே ஏறின.

சில மாதம் ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் ஏமாற்றிவிட்டது. பிறகு காலையில் கண் விழித்ததும் தலைவலி, வாந்தி. பித்தம் என்றார்கள். பள்ளியில், போர்டு இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று அழுதிருக்கிறாள். மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் நோய் திரும்பியிருந்தது. இரண்டாம் முறை மருந்து பேசவில்லை. அந்தக் குழந்தை இன்று இல்லை.

எனக்கு ஆறாத கோபம் எதில் தெரியுமா? இது குணமாகிற நோய்!

1962-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனை திறந்தபோது, இந்த நோய் வந்த நூறு பிள்ளைகளில் நாலு பேர் பிழைத்தால் பெரிது. இன்று வசதியான நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் ஊசிக்கும் அதில் பங்கு உண்டு. 2024 டிசம்பரில் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்துகளோடு பிளினாட்டுமோமாப் என்ற புது மருந்தும் சேர்த்துக் கொடுத்த பிள்ளைகளில் 96 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். ஆனால் எந்த மருந்து வந்தாலும் வீட்டு மாத்திரை போகவில்லை. சிகிச்சை மொத்தம் இரண்டு முதல் மூன்று வருடம். அதில் பெரும்பகுதி இந்த மாத்திரைக் காலம்தான்.

ஏன் இவ்வளவு நாள்? நோய் கண்டுபிடிக்கும்போது குழந்தையின் உடம்பில் லட்சம் கோடி புற்று செல்கள் வரை இருக்கலாம். மைக்ரோஸ்கோப்பில் "சுத்தம்" என்று வந்த பிறகும் கோடிக்கணக்கில் ஒளிந்திருக்கும். கோரையை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் கிடக்குமே, அப்படி. மூளையைச் சுற்றிய நீரும், பையன்களுக்கு விதையும் அவை பதுங்கும் இடங்கள்.

மொத்தமாக நிறுத்தினால்தான் ஆபத்து என்று நினைக்காதீங்க. வீட்டில் தினமும் கொடுக்கும் 6-எம்.பி. மாத்திரையை நூற்றுக்கு 95 நாளுக்கும் குறைவாகச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின. மாதத்தில் இரண்டு ராத்திரி மறந்தாலே அந்தக் கணக்குக்குக் கீழே போய்விடுவீர்கள்! மறந்த மாத்திரைக்கு மறுநாள் இரண்டாகவும் கொடுக்காதீங்க. ஈரலையும் ரத்த அணுக்களையும் சோதித்து அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. பாட்டி வேலை இல்லை, பக்கத்து வீட்டு வேலையும் இல்லை.

இன்னொன்று, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். அதோடு கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான்! தினமும் கொடுத்தால் வாயெல்லாம் வெந்து, மஜ்ஜை வேலை நிறுத்தி, உயிரே போய்விடும். எந்தக் கிழமை என்று காலண்டரில் பெரிதாக வட்டம் போடுங்க. கொடுப்பவர் வீட்டில் ஒருவராக இருக்கட்டும்.

இந்த அறிகுறிகளைப் பார்த்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க:

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே ஓடுங்க. வெள்ளை அணு குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைத்தால் காய்ச்சல் மறையும், கிருமி மறையாது.

காலைத் தலைவலியோடு வாந்தி. பார்வை இரண்டாகத் தெரிவது. வாய் ஒரு பக்கம் கோணுவது.

பையன்களுக்கு வலியே இல்லாமல் விதை வீங்குவது. வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டான், குளிக்க வைக்கும்போது நீங்கள்தான் பார்க்கணும்.

முகம் வெளுப்பது, தோலில் சிவப்புப் புள்ளி, ஈறில் ரத்தம், ராத்திரி எலும்பு வலி. வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவது. வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால், பிள்ளை நன்றாக இருந்தாலும் அன்றே டாக்டருக்குப் போன் பண்ணுங்க.

"இப்பல்லாம் புது சிகிச்சை இருக்கே, திரும்ப வந்தா பார்த்துக்கலாம்" என்கிறார்கள் சிலர். வேண்டாம் இந்தப் பேச்சு! பிள்ளையின் சொந்த டி-செல்லையே மாற்றி நோயோடு மோதவிடும் கார்-டி சிகிச்சை, 2012-ல் பிலடெல்ஃபியாவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியைக் காப்பாற்றியது உண்மை. மும்பை ஐ.ஐ.டி.யில் உருவான நம் நாட்டுக் கார்-டிக்கும் 2023-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த அனுமதி 15 வயது நிரம்பியவர்களுக்கு. செலவோ பல லட்சம். அதை நம்பி இன்றைய மாத்திரையைக் கோட்டை விடலாமா?

நிறுத்தியாச்சே, போனால் டாக்டர் திட்டுவாரே என்று தயங்கி உட்கார்ந்திருக்கும் அம்மா யாராவது இதைப் படித்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். திட்டினால் திட்டட்டும். காசு இல்லையென்றால் அங்கேயே சொல்லுங்க, காப்பீட்டு அட்டைக்கு வழி காட்டுவார்கள். மிச்ச மாத்திரையையும் பழைய ஃபைலையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புங்க.