பழைய வீட்டுக்கு இன்சூரன்ஸ்: சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி நீங்க பாருங்க

பைக்குக்கு இன்சூரன்ஸ் தேதி எப்போ முடியுதுன்னு கேட்டா நம்மில் பாதிப் பேர் டக்குனு சொல்லிடுவோம். நம்ம வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டா? பெரும்பாலும் அம்மாவைத்தான் கூப்பிட்டுக் கேட்கணும். அவங்களும் "வீட்டுக்கெல்லாமா இன்சூரன்ஸ் போடுவாங்க?"ன்னு திருப்பிக் கேட்பாங்க.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இருக்கிற வீட்டுக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். 2012 செப்டம்பர் 5 முதலிபட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். இந்தத் தேதிகளை இங்கே யாரும் மறக்க மாட்டாங்க. அந்த விபத்துகளில் போன உயிர்களுக்கு எந்த பாலிசியும் ஈடு கிடையாது. ஆனா ஒவ்வொரு வெடி விபத்துக்குப் பிறகும், செய்தியில் வராத ஒரு கூட்டம் இருக்கு: ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் ஜன்னல் உடைஞ்சு, சுவர் விரிஞ்சு, ஓடு சரிஞ்சு நிற்கிற வீட்டுக்காரங்க.

அவங்களுக்கு ஆலை முதலாளியோட இன்சூரன்ஸ் பணம் தராதான்னு கேட்கலாம். 1991-ல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி, அபாயகரமான பொருட்களைக் கையாளும் நிறுவனம் வெளியாட்களுக்காகவும் காப்பீடு எடுத்தே ஆகணும். நல்ல சட்டம்தான். ஆனா அது வந்தபோது, தனியார் சொத்து சேதத்துக்கு உடனடி நிவாரணமா அட்டவணையில் போட்டிருந்த உச்சவரம்பு 6,000 ரூபாய். அதுக்கு மேல வேணும்னா தனியா வழக்கு நடத்தணும். அதனால நம்ம வீட்டுக்கு நம்ம பாலிசி இருக்கிறதுதான் நல்லது.

என்ன பாலிசி?

2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைத் தரணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிடுச்சு. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒண்ணுதான். தீ, வெடிப்பு, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டி உடைஞ்சு கொட்டுறது எல்லாம் இதில் அடங்கும்.

இதில் காப்பீட்டுத் தொகைங்கிறது, வீட்டைத் திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்ற கணக்கு. மனை விலை இதில் சேராது. 1,000 சதுர அடி வீடு, கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய்னு வெச்சுக்கிட்டா 20 லட்சம். வீட்டுச் சாமான்களுக்கு இதில் 20 சதவீதம், அதாவது 4 லட்சம், தானாகவே சேரும் (இதுக்கு உச்சவரம்பு 10 லட்சம்). வீட்டுக் கடன் ஓடிக்கிட்டு இருந்தா, பேங்க் ஏற்கனவே ஒரு பாலிசி போட்டிருக்கலாம். முதல்ல அந்த ஃபைலைப் பாருங்க.

யார் வந்து பார்ப்பாங்க?

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் புயல் அடிக்கடி அடிக்கும். அங்கே வீடு பழசுன்னா, காப்பீட்டு நிறுவனம் 'ஃபோர் பாயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன்' ரிப்போர்ட் கேட்கும். கூரை, கரண்ட், தண்ணீர்க் குழாய், ஏ.சி. என்ற நாலையும் லைசென்ஸ் வாங்கின ஆள் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் பாலிசி.

நம்ம ஊரில் சாதாரண வீட்டுக்குப் பெரும்பாலும் அப்படி யாரும் வர்றதில்லை. படிவத்தில் வீட்டோட வயசு, பரப்பு, சுவரும் கூரையும் எதால கட்டினதுன்னு கேட்பாங்க. நீங்க எழுதறதை நம்பி பாலிசி தருவாங்க. லைசென்ஸ் உள்ள சர்வேயர் வர்றது சேதம் நடந்த பிறகுதான். அப்போ அவர் பார்க்கிறது ரெண்டு விஷயம்: படிவத்தில் எழுதினது உண்மையா, இந்தச் சேதம் இப்போ வந்ததா இல்லை முன்னாடியே இருந்ததா.

அதாவது புளோரிடாவில் முன்னாடி நடக்கிற சோதனை இங்கே பின்னாடி நடக்குது. முன்னாடி பார்க்கிற வேலை நம்ம தலையில. சிவில், ட்ரிபிள் ஈ, மெக்கானிக்கல் பசங்க நாலு பேர் சேர்ந்தா ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நமக்கு வீட்டில் ஏ.சி.யை விட கேஸ்தான் பெரிய கவலை. அதனால நம்ம நாலு இடம்: கூரையும் சுவரும், கரண்ட், தண்ணீர், கேஸ்.

1. கூரையும் சுவரும்

பழைய வீடுன்னா மூணு வகைக் கூரை பார்க்கலாம். ஓட்டு வீட்டில் ரீப்பரும் கைமரமும் கரையான் பிடிச்சிருக்கான்னு பாருங்க. மெட்ராஸ் டெரஸ் வீட்டில், மர உத்திரத்து மேல செங்கலையும் சுண்ணாம்பையும் வெச்சுக் கட்டியிருப்பாங்க. அதில் உத்திரம் சுவருக்குள்ள நுழையற முனைதான் முதல்ல கெடும். ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. சுலபமா இறங்கினா மரம் போச்சுன்னு அர்த்தம். கான்கிரீட் கூரையில் ஒரு குச்சியால தட்டுங்க. 'டொக் டொக்'னு பொள்ளல் சத்தம் வந்தா உள்ளே கம்பி துருப்பிடிச்சிருக்கலாம். துரு, இரும்பை விடப் பல மடங்கு இடம் அடைக்கும். அந்த அழுத்தத்தில்தான் பூச்சு பெயர்ந்து விழுது.

அடுத்து சுவர். இது நம்ம மாவட்டத்துக்கே உரிய சிக்கல். இங்கே பல இடத்தில் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் ஆழமில்லாத பழைய வீட்டில் இதனாலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா விரிசல் ஓடும். வெடி அதிர்விலும் அதே மூலையில் விரிசல் விழலாம், ஏன்னா சுவர் பலவீனமா இருக்கிற இடம் அதுதான். வெடிப்பால் வந்த சேதத்துக்கு பாலிசியில் இடம் உண்டு. மண் மெதுவா இறங்கி, காலப்போக்கில் விழுந்த சாதாரண விரிசலுக்குக் கிடையாது. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தா சர்வேயர் என்ன செய்வார்?

அதனால இப்போ இருக்கிற விரிசலை இப்பவே படம் எடுங்க. பக்கத்தில் ஸ்கேலை வெச்சு எடுங்க. விரிசல் முடியற இடத்தில் பென்சிலால ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்க. மூணு மாசம் கழிச்சுக் கோட்டைத் தாண்டியிருந்தா அது இன்னும் வளருதுன்னு அர்த்தம், இன்ஜினியரைக் கூப்பிடணும். விரிசல் இல்லாத சுவரையும் விடாம படம் எடுங்க. "இந்தச் சுவர் நல்லா இருந்தது"ன்னு நாளைக்குச் சொல்ல அதுதான் ஆதாரம்.

வெயிலுக்காக மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டிருக்கீங்களா? பாலிசி வாசகப்படி ஓலை, மூங்கில், தார்ப்பாய் கூரையெல்லாம் 'கச்சா' கட்டுமானம். அதை மறைச்சுப் படிவத்தில் கான்கிரீட் வீடுன்னு மட்டும் எழுதினா பின்னாடி சிக்கல். தீபாவளி ராத்திரி ராக்கெட் எங்கே விழும்னு நமக்கே தெரியும். கழட்டிடறது எல்லாத்தையும் விட நல்லது.

2. கரண்ட்

ஒரு சின்னக் கணக்கு. 1985-ல் கட்டின வீட்டில் நாலு டியூப் லைட், ரெண்டு ஃபேன், ஒரு டி.வி. மொத்தம் 500 வாட்னு வெச்சுக்கலாம். 230 வோல்ட்டில் வகுத்தா சுமார் 2.2 ஆம்பியர். இன்னைக்கு அதே வீட்டில் 2,000 வாட் ஹீட்டர், 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட் ஏ.சி. மூணும் ஒண்ணா ஓடினா 5,500 வாட், கிட்டத்தட்ட 24 ஆம்பியர். கரண்ட் 11 மடங்கு. வயரில் உண்டாகிற சூடு கரண்ட்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். மெயின் வயரை மாத்தலைன்னா அதில் சூடு 120 மடங்குக்குப் பக்கம். முதல் வருஷத் தேர்வில் மார்க் வாங்கின அதே சூத்திரம்தான் சுவருக்குள்ள வேலை செய்யுது.

பார்க்க வேண்டியவை:

- மரச் சட்டத்தில் ஓடற பழைய வயரிங், பீங்கான் ஃப்யூஸ் இன்னும் இருக்கா? ஃப்யூஸில் செப்புக் கம்பியை மொத்தமா முறுக்கி வெச்சிருந்தா அது ஃப்யூஸே இல்லை.
- எம்.சி.பி.யும் வயரும் பொருந்துதா? 1.5 சதுர மி.மீ. வயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டினா, வயர் உருகின பிறகும் எம்.சி.பி. விழாது.
- 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கா? இருந்தா டெஸ்ட் பட்டனை அமுக்குங்க. விழலைன்னா மாத்தணும்.
- எர்த் கம்பி உண்மையிலேயே எர்த் குழிக்குப் போகுதா, இல்லை தண்ணீர்க் குழாயில் கட்டியிருக்கா? நம்ம ஊர்க் கோடையில் மண் காய்ஞ்சா எர்த் வேலை செய்யாது. குழிக்குத் தண்ணீர் ஊத்தணும்.

பெட்டியைத் திறக்கிறது, வயரைத் தொடறது எல்லாம் லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை. அவரை 500 வோல்ட் மெக்கர் வெச்சு இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்க. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தா வயரிங் மாத்த வேண்டிய நேரம். அளவுகளைத் தேதியோட எழுதி வாங்கிக்கங்க.

பாலிசியில் இதைக் கவனிங்க: ஷார்ட் சர்க்யூட் ஆகி மோட்டாரோ ஃபிரிட்ஜோ தானே புகைஞ்சு போனா, அந்தச் சாதனத்துக்குப் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி எரிஞ்ச மத்த பொருளுக்கும் வீட்டுக்கும் உண்டு.

3. தண்ணீர்

தண்ணீர் எப்போ வரும்னு தெரியாத ஊரில் எல்லாரும் பெரிய தொட்டியாத்தான் வைப்போம். 1,000 லிட்டர்னா ஒரு டன். பழைய கூரைக்கு நடுவில் வைக்காம, கீழே சுவர் வர்ற இடத்துக்கு மேல வைக்கணும். தொட்டியடியில் கசிவு இருக்கா, பழைய ஜி.ஐ. குழாய் துருப்பிடிச்சிருக்கா, குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் ஈரம் தெரியுதான்னு பாருங்க. தொட்டி உடைஞ்சு கொட்டினா பாலிசி தரும். வருஷக்கணக்கா கசிஞ்சு ஊறின சுவர், தேய்மானம் என்ற கணக்கில் போயிடும்.

4. கேஸ்

ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபை 5 வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும். அதில் அச்சடிச்ச தேதியைப் பாருங்க. சமையல் கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையில்தான் தேங்கும். அதனால மேலே ஜன்னல் இருந்தா மட்டும் போதாது, கீழேயும் காத்துப் போக வழி வேணும். எண்ணெய் நிறுவனங்கள் வாடிக்கையாளருக்காக ஒரு காப்பீடு எடுத்திருக்காங்க. ஆனா கனெக்‌ஷன் யார் பேரில், எந்த முகவரியில் இருக்கோ அங்கேதான் சொத்து சேதத்துக்கு அது செல்லும். தாத்தா பேரில் இருக்கிற கனெக்‌ஷனை இப்பவே மாத்திக்கங்க.

சொல்லக் கஷ்டமான ஒண்ணு

இந்த பாலிசி குடியிருக்கிற வீட்டுக்கு. நம்ம பக்கம் சில வீடுகளில் கருந்திரி உருட்டறாங்க, வெடிக்கு மருந்து அடைக்கிறாங்க. 1884 வெடிபொருள் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம அதைச் செய்யறது குற்றம். அந்த வீட்டில் விபத்து நடந்தா பாலிசியை நம்ப முடியாது. ஒரு ஆள் ஒரு நாள் கூலிக்காக உருட்டற திரி, அந்த வீட்டை மட்டுமில்லாம ரெண்டு பக்கத்து வீட்டையும் எடுத்துக்கிட்டுப் போகும். வறுமையில் செய்யறவங்களைத் திட்டி இது தீராது. ஆனா நம்ம வீட்டுத் திண்ணையில் நடக்குதுன்னா, பெரியவங்ககிட்ட உட்கார்ந்து பேச வேண்டியது நாமதான். ஏன்னா அதில் எந்த ரசாயனம் எந்த உராய்வில் பத்தும்னு வீட்டில் படிச்சது நாம.

கடைசியா, ஃபைல்

படங்கள், வயர்மேன் எழுதிக் கொடுத்த அளவுகள், வீட்டு வரைபடம், வரி ரசீது, டி.வி., ஃபிரிட்ஜ் பில்கள். எல்லாத்தையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். கூகுள் டிரைவோ, வெளியூர் அக்காவோட போனோ, எதுவானாலும் சரி. வீட்டோட சேர்ந்து எரியற இடத்தில் ஆதாரத்தை வைக்காதீங்க. பிறகு படிவத்தை வாங்கி, பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்க. வீட்டுக்கு 40 வயசுன்னா 40-ன்னே எழுதுங்க.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ ஒரு டெஸ்டரும் ஸ்கேலும் பையில் இருக்கட்டும். நம்ம வீட்டை முடிச்சிட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி கூப்பிட்டா அங்கேயும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.