மேகத்தைத் தாண்டி வெள்ளியின் தரை

வெள்ளிக் கோளைச் சுற்றும் விண்கலத்தில் எத்தனை நுட்பமான கேமராவைப் பொருத்தினாலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மேகம்தான் பதிவாகும். கந்தக அமிலத் துளிகளாலான அந்த மேகம் கோள் முழுவதையும் இடைவெளியின்றி மூடியிருக்கிறது. தரையில் வெப்பம் ஏறத்தாழ 460 டிகிரி செல்சியஸ். காற்றழுத்தம் பூமியில் உள்ளதைப்போல் சுமார் 90 மடங்கு. அங்கே இறங்கிய சோவியத் வெனிரா கலங்களில் எதுவும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. வெள்ளியின் நிலப்பரப்பை முழுவதுமாகப் பார்க்க ரேடார்தான் வழி.

நாசாவின் மெகல்லன் விண்கலம் 1989 மே மாதம் புறப்பட்டு, 1990 ஆகஸ்டில் வெள்ளியை அடைந்தது. அதன் ரேடார் அலையின் நீளம் சுமார் 12.6 செ.மீ. இந்த அலை மேகத்தை எளிதாகக் கடந்து, தரையில் பட்டுத் திரும்பும். ஆனால் 3.7 மீட்டர் ஆன்டெனா மட்டும் நுணுக்கமான படம் தந்துவிடாது. கலம் நகர நகர, ஒரே இடத்திலிருந்து திரும்பும் பல எதிரொலிகளைப் பதிவு செய்தது. அவை வந்துசேர்ந்த நேரத்தையும் அதிர்வெண் மாற்றத்தையும் கொண்டு கணினியில் ஒன்றுசேர்த்தபோது, மிக நீண்ட ஆன்டெனா பார்த்ததற்கு ஈடான படம் கிடைத்தது.

தரையை நோக்கியதும் அந்த ஆன்டெனாதான், பூமிக்குத் தகவல் அனுப்பியதும் அதுதான். சுமார் மூன்றேகால் மணி நேரச் சுற்றில், கோளை நெருங்கும்போது ஏறத்தாழ 20 கி.மீ. அகலமுள்ள பட்டை ஒன்றைப் படமெடுக்கும். விலகிச் செல்லும்போது பூமியின் பக்கம் திரும்பி அதை அனுப்பும். வெள்ளி தன்னைத்தானே சுற்ற 243 நாள் ஆவதால், பட்டைகள் அடுத்தடுத்து விழுந்தன. 1994-இல் பணி முடிந்தபோது 98 விழுக்காடு நிலம் பதிவாகியிருந்தது.

இந்தப் படங்களைப் புகைப்படமாக எண்ணிப் பார்த்தால் தவறாகிவிடும். பெரும்பாலும் வெளிச்சமான இடம் கரடுமுரடானது, இருண்ட இடம் வழவழப்பானது. புகழ்பெற்ற மாஅத் மோன்ஸ் எரிமலைப் படத்தில் செங்குத்தாக எழும் மலை, உண்மையில் சுமார் 8 கி.மீ. உயரமும் மெல்லச் சாயும் சரிவுகளும் கொண்டது. படத்தில் உயரம் 22.5 மடங்கு கூட்டப்பட்டிருக்கிறது. ஆரஞ்சு நிறம், 1982-இல் வெனிரா 13, 14 கலங்கள் தரையில் எடுத்த படங்களை ஒட்டிப் பின்னர் சேர்க்கப்பட்டது. இந்த விவரத்தைச் சொல்லாமல் அந்தப் படத்தை அச்சிடுவது வாசகருக்குச் செய்யும் அநீதி.

விண்கற்கள் மோதிய பள்ளங்கள் ஏறத்தாழ ஆயிரம் மட்டுமே தென்பட்டன. அதிலிருந்து, தரையின் பெரும்பகுதி சில நூறு மில்லியன் ஆண்டுகளே பழையது என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். அதே படங்களில் தெரியும், எரிமலைக் குழம்பு ஓடிய பால்டிஸ் வாலிஸ் வாய்க்காலின் நீளம் சுமார் 6,800 கி.மீ.

மெகல்லனின் தரவு இன்னும் தீர்ந்துவிடவில்லை. 1991 பிப்ரவரியிலும் அக்டோபரிலும் எடுத்த படங்களை ஆய்வாளர்கள் ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி இருவரும் ஒப்பிட்டார்கள். மாஅத் மோன்ஸ் அருகே ஓர் எரிமலை வாய் 2 சதுர கி.மீ. அளவிலிருந்து ஏறத்தாழ 4 சதுர கி.மீ. ஆக விரிந்து, வடிவமும் மாறியிருந்தது. இரண்டு படங்களும் வெவ்வேறு கோணத்தில் எடுக்கப்பட்டவை என்பதால், கோண வேறுபாடுதான் மாற்றமாகத் தெரிகிறதா என்று கணினி மாதிரிகளால் சோதித்த பிறகே 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளியின் எரிமலைகள் இன்றும் உயிர்ப்புடன் இருக்கின்றன என்பதற்கு வலுவான சான்று, 30 ஆண்டுகளுக்கும் மேலாகச் சேமிப்பில் இருந்த அந்தப் படங்களிலிருந்தே கிடைத்தது.