நரம்புத் தளர்ச்சி நோட்டீஸ்

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் பார்த்திருப்பீர்கள். கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி என்று வரிசையாகப் போட்டு, கீழே ஒரு லாட்ஜின் பெயரும் வைத்தியர் வரும் தேதியும் இருக்கும். பதினெட்டு வயதுப் பையன் அதைப் படித்துவிட்டு, காலையில் உடம்பு அசதியாக இருந்தாலே 'அதனால்தான்' என்று முடிவு கட்டிவிடுகிறான். சிறுநீர் வெள்ளையாகக் கலங்கிப் போனால் தாதுவே கரைகிறதென்று நடுங்குகிறான்.

இந்தப் பயத்துக்கு 1960-ல் டாக்டர் நரேந்திர நாத் விக் வைத்த பெயர் தாது நோய்க்குறி. விந்துதான் உயிர்ச்சத்து என்று நம்புகிற மண்ணில் பதற்றமும் மனச்சோர்வும் இந்த வேடம் போட்டு வருகின்றன. இதே மாதிரிப் பயம் வேறு ஊரிலும் உண்டு. 1967-ல் சிங்கப்பூரில், தடுப்பூசி போட்ட பன்றியின் கறியைத் தின்றால் ஆணுறுப்பு உள்ளே சுருங்கிவிடும் என்ற வதந்தியில் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள். உறுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, பயம் மட்டும் நிஜம். தாது பயமும் அப்படித்தான். விந்து ஊறிக்கொண்டே இருப்பது. தூக்கத்தில் வெளியேறுவது இயல்பு. சிறுநீர் கலங்குவதற்குப் பாஸ்பேட் உப்பே போதும்.

பயந்தவன் லேகியத்தைத் தேடுகிறான். 'காமினி வித்ராவண ரஸ்' போன்ற ஆண்மை மருந்துகளின் சேர்மானத்தில் அபின் உண்டு. அதற்கு அடிமையானவர்களும் உண்டு. இன்னொருவன் படபடப்பு அடங்கட்டும் என்று கஞ்சாவைப் பிடிக்கிறான். அது படபடப்பைக் கூட்டும். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அடங்கியிருந்த சந்தேகமும் மாயக்குரலும் திரும்பிவிடலாம். 'இந்த மாத்திரைதான் ஆண்மையைக் கெடுக்கிறது' என்று தானாக நிறுத்துவது அதைவிட மோசம். சில மாத்திரைகளுக்கு அந்தப் பக்கவிளைவு உண்டுதான். கூச்சப்படாமல் சொன்னால் டாக்டர் மாற்றித் தருவார். போதையோடு வேலைக்குப் போய், பட்டாசு ஆலையின் மருந்து அறையில் ஒருவன் கை தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

பாலியல் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை குற்றம் நிரூபணமானால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அச்சுத் தொழிலில் பிழைக்கும் சிவகாசி கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த விளம்பரத்தை அச்சிடுவதும் வெளியீட்டில் பங்கெடுப்பதாகவே அந்தச் சட்டத்தில் கணக்கு.

லேகியத்து அபினோ கஞ்சாவோ, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறும் 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி மனநோய்தான். அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடத்தில் சிகிச்சை கேட்பது உங்கள் உரிமை. விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும், சங்கிலியால் கட்டக் கூடாது. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் பிடிக்கும்' என்று வீட்டார் தயங்குவது சகஜம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவைப் படித்தால் அந்தப் பயம் குறையும். பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிதளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்கு வந்தாலும், தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடித்தால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கும் போகலாம்.

முதலில் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதானால் அந்த லேகிய டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.